முன்னொட்டு

அபூ ஃபஹத்தின் பழைய டேப்லெட்டில்
கூடாரங்கள் எழும்பவேயில்லை.
என் திரையில் மும்மூன்றாய் நின்றவை
அவர் கையில் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடந்தன,
சக்கீர் பாலையில் காற்றடித்த மறுநாள் போல.

புதுசு வாங்குங்கள் என்று சொல்ல முடியாது.
முகாம் சீசனுக்கு ஐந்தே நாள்.
அவரிடம் கூடாரம் எடுப்பவர்களும் அவரைப் போலத்தான்,
உடையாத எதையும் மாற்றாதவர்கள்.

அந்த பிரௌசருக்கு
ஃபிளெக்ஸ் என்றால் யாரென்றே தெரியாது.
வெப்கிட் ஃபிளெக்ஸ் என்று சொல்,
ஓ, நம்ம வீட்டுப் பிள்ளையா என்று
கதவைத் திறந்துவிடும்.

நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்.
எனக்கு முன்னால் வேலை பார்த்த புண்ணியவான்
ஸ்டைலைத் தனியே வைக்காமல்
பக்கத்துக்குப் பக்கம் தலைக்குள் திணித்து
மிச்சத்தை டேக்குகளின் இடுப்பில் செருகிப் போயிருந்தார்.

குதைபியா, இரவு ஒன்றரை.
ஏசித் தண்ணீர் பக்கெட்டில் சொட்டுகிறது.
கறுப்புத் திரையில் ஒற்றை வரிக் கட்டளை:
திற, தேடு,
தெரியாத சொல்லுக்கு முன்னால்
தெரிந்த பெயரை ஒட்டு, மூடு.

நான்கு விநாடி.
நம்ப முடியாமல் இன்னொரு முறை ஓட்டினேன்.
வெப்கிட் வெப்கிட் ஃபிளெக்ஸ்.
வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பையன்
சார் மேனேஜர் சார் என்பானே, அப்படி.
நல்லவேளை, பேக்கப் இருந்தது.
ஏற்கெனவே ஒட்டியிருக்கிறதா என்று
கேட்டுவிட்டு ஒட்டச் சொல்லி
ஒரு இஃப் சேர்த்தேன்.

சிபிஆர் கார்டில் நான் ஞானப்பிரகாசம் கிளாரா.
வங்கியில் மிஸ்டர் ஞானா.
கிளினிக்கில் பிரகாசம், பிரகாசம் என்று கூப்பிட
எழுந்து போகிறேன்.
தூத்துக்குடியில் அப்பாவுக்குப் புரையேறியிருக்கும்.
கர்ப்பப்பை ஸ்கேன் வேறு.

அபூ ஃபஹத்தும்
மகன் பிறந்தபின் வந்த பெயர்தான்.
ஜாசிம் என்பது
பில் போடும்போதுதான் தெரிந்தது.

ஒட்டியவை எல்லாம் மேலே.
ஒட்டில்லாத வெறும் பெயர் கடைசி வரியில்.
புரிந்தவற்றில் கடைசியே செல்லும் என்பது விதி.
இந்த ஒரு வரிசையை மட்டும்
நிரல்மீது பாரம் போடாமல்
பத்துப் பதினைந்து கோப்புகளில் கண்ணால் பார்த்தேன்.
ஏனென்று கேட்டால் தெரியாது.

விடியற்காலை வாட்ஸப்பில் ஒரு படம்:
விரிசல் விழுந்த கண்ணாடிக்குள்
மூன்று கூடாரங்கள், நேராக.
கீழே,
மிஸ்டர் ஞானா, விலை எங்கே?

விலைப்பட்டியலை
நான் இன்னும் எழுதவேயில்லை.