மூன்று கிரெடிட்

தொழிற்சாலைப் பேருந்து பினாங்குப் பாலத்தில் ஏறியதும்
விளக்கை அணைத்துவிடுவார் பஹாரோம்.
நாற்பது பேர் தூங்குவார்கள்.
நான் கைப்பேசி வெளிச்சத்தில்
கிரேக்கத்துக்குப் போவேன்.

நெரிசல் இல்லாவிட்டால்
பாலம் முடிவதற்குள் ஒரு நூற்றாண்டு முடியும்.
முன்னே லோரி கவிழ்ந்து கிடந்த அன்று
ரோமாபுரி எழுந்து, விழுந்தும் போனது.

கணக்கியல் பட்டத்துக்கு
எதற்கு ஓவியமும் கூத்தும் என்று
எல்லாரும் கேட்டாயிற்று.
தேறினால் மூன்று கிரெடிட்,
ஒரு பாடக் கட்டணம் மிச்சம்,
ஆயிரத்து நூறு வெள்ளி
என்றுதான் நானும் சொல்லித் திரிந்தேன்.

நூற்று நாற்பது கேள்வி, தொண்ணூறு நிமிடம்.
ஒன்றுக்கு முப்பத்தெட்டு நொடி.
நுண்ணோக்கியில் கண் வைத்து
ஒரு சில்லுக்குப் பத்து நொடி கொடுப்பவளுக்கு
முப்பத்தெட்டு நொடி
மூன்று அறை வீடு.

உணவு இடைவேளையில் சியூ எங்
கேள்வித்தாளைப் பிடுங்கிக்கொள்வாள்.
ஆங்கிலத்தில் வாசிப்பாள், மலாயில் திட்டுவாள்.
தூண் எத்தனை வகை, சொல்.
டோரிக்: தலையில் ஒன்றுமில்லை, நம் சூப்பர்வைசர்.
அயோனிக்: இரண்டு பக்கமும் கொசுவர்த்திச் சுருள்.
கொரிந்தியன்: சௌராஸ்தா சந்தையில்
காம்பை மறைத்துக் கட்டிய கீரை.
சிரித்ததில் மீ கோரெங் ஆறிப்போகும்.

ஃபிரெஸ்கோ மட்டும் மனத்தில் நிற்க மறுத்தது.
எங்கள் அடுக்குமாடியின் நடைபாதைக்குச்
சாந்து பூச வந்த ரஃபிக்குல்
நான் கேட்காமலே, அரைகுறை மலாயில் சொன்னார்:
ஈரம் இருக்கும்போதே தேய்க்க வேண்டும்,
காய்ந்தபின் எதைப் பூசினாலும்
மேலே உட்காரும், உள்ளே போகாது.
நாற்பத்து மூன்று வயதில்
குப்பைப் பையோடு நின்று கேட்டேன்.
அதன்பின் மறக்கவில்லை.

முந்நூற்றுப் பத்துப் பக்கப் புத்தகத்தில்
எங்களுக்கு அரைப் பக்கம்.
ஒரு காலைத் தூக்கி ஆடுகிறவர்
கறுப்பு வெள்ளையில், கட்டைவிரல் அளவில்.
மாதிரித் தேர்வு, கேள்வி தொண்ணூற்றிரண்டு:
இவ்வுருவம் எதனால் ஆனது?
களிமண். கல். வெண்கலம். மரம்.
கல்லைக் குறித்தேன்.
தவறு.

உன் சாமிதானே, என்றாள் சியூ எங்.
என் சாமிதான்.
பிறைக் கோயிலில் அவரைச் சிமெண்டில் செய்து
திருவிழாவுக்குத் திருவிழா எனாமல் அடிக்கிறோம்.
கழுத்து நீலம் வழிந்து
பாம்பின் கண்ணில் இறங்கியிருக்கும்.
நான்கு விடையில் சிமெண்டு இல்லை.
கிட்டத்தில் இருந்தது கல்.

அன்றிரவு தேடிப் படித்தேன்:
முதலில் மெழுகில் செய்வார்களாம்.
மேலே மண் பூசிச் சுட்டால்
மெழுகு உருகி ஓடிவிடும்.
அது இருந்த வெறுமையில்தான்
வெண்கலத்தை ஊற்றுகிறார்கள்.
மூன்று கிரெடிட்டுக்கு இவ்வளவு வேண்டாம்.
விடியும்வரை படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஃபெரி ஏறி
கடற்கரை வீதிக்குப் போனேன்.
பழைய வங்கிக் கட்டடம்.
பத்தொன்பது வருடமாக இங்கே பணம் எடுக்கிறேன்,
மீதியைப் பார்க்கக் குனிந்திருக்கிறேன்,
நிமிர்ந்ததில்லை.
மேலே, தூணுக்குத் தூண்,
கொசுவர்த்திச் சுருள்!
படமெடுத்து அனுப்பினேன்.
புகை வருதா, என்று பதில் போட்டாள்.

வியாழன் காலை ஒன்பதுக்குத் தேர்வு.
புதன் இரவுக்கு விடுப்பு இல்லையென்று
சொல்லிவிட்டார் டோரிக் தலையர்.
வேலை முடிந்து நேரே மையத்துக்குப் போக வேண்டும்.
இனி ஒரே ஒரு பாலம்தான் மிச்சம்.
பரோக் பாக்கி. ஓப்பெரா மொத்தமும் பாக்கி.

பஹாரோம் விளக்கை அணைக்கக் கை நீட்டினார்,
கண்ணாடியில் என்னைப் பார்த்தார்,
கடைசி வரிசையை மட்டும் விட்டுவைத்தார்.
பக்கத்தில் யாரோ முனகி
முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள்.

பக்கம் இருநூற்று எழுபது.