மோதிர விரல் நகம்

நெடுக்கே பிளந்திருக்கிறது,
நுனியிலிருந்து பாதி தூரம்.

நேற்று பதினோரு மணிக்குப்
பள்ளத்தூர்க் கல்யாண வீட்டார் முன்னால்
அரக்குக் கண்டாங்கியை உதறி விரித்தேன்.
நகம் ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு வந்தது.
எறும்பு நீளம்தான்.
வயிரவன் அண்ணன் திட்டவில்லை.
விலைச்சீட்டைத் திருப்பி
என் பெயரை எழுதினார்.

கானாடுகாத்தான் ஓட்டலில் அறை கூட்டும் அடைக்கலமேரி
யாரோ குடிக்காமல் விட்டுப்போன டீப்பை ஒன்று தந்தாள்.
தூளைக் கொட்டிக் கொதிக்க வைத்துக் குடித்தோம்.
தாளில் ஒரு நெல் அளவு வெட்டினேன்.
அஞ்சு ரூபாய்ப் பசை, ஒரு சொட்டு.
தாள். மறுபடி சொட்டு.
காயும்வரை பேசாதே என்றாள்,
அவளே பேசிக்கொண்டிருந்தாள்.
கட்டைவிரலும் ஒட்டிக்கொண்டது;
வெந்நீரில் கால்மணி நேரம்
இரண்டு விரலும் சண்டை போட்டுப் பிரிந்தன.

அரத்தால் ஒரே பக்கமாகத் தேய்க்கணுமாம்,
போய்வந்து தேய்த்தால் ஏடு ஏடாக உரியுமாம்.
தினம் தேங்காயெண்ணெய் தடவு என்கிறாள்.
புடவைக் கடையில் எண்ணெய் விரலா?
ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.

காலையில் கடை திறந்ததும்
முதலில் அந்த அரக்குக் கண்டாங்கியைத்தான் எடுத்தேன்.
மோதிர விரலால் மெல்ல இழுத்தேன்,
உடல், கரை, முந்தி.
எங்கும் பிடிக்கவில்லை.
இழை போன இடத்தில் மட்டும்
கொஞ்சம் நின்றது விரல்.

பிளவு வளர்ந்து நுனிக்கு வர
மூணு மாசம் ஆகும்.
சம்பளத்தில் பிடித்தம் அஞ்சு மாசம்.
நகம் முந்திக்கொள்ளும்.
தீபாவளிக்கு
அதைத்தான் கட்டப்போகிறேன்,
இழை போன இடம்
கொசுவத்துக்குள் போகிற மாதிரி.