மண் திறக்காத ஆண்டு
லுவார் ஆற்றங்கரை, 1709

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தைய இரவு
மழை பெய்துகொண்டிருந்தது.
விடிந்தபோது மழை இல்லை,
ஓசையும் இல்லை.
கூரையிலிருந்து இறங்கிய நீர்
இறங்கிய இடத்திலேயே நின்றிருந்தது.

என் புருஷன் உர்பேன் இந்த ஊரின் குழிவெட்டி.
முதல் பிணம் ஜெர்வே வீட்டுக் குழந்தை.
கடப்பாரை மண்ணில் பட்டு
மணியாய் ஒலித்தது.
கோயில் மணியோ அந்த வாரம் விரிசல் விட்டு
தகரமாய் இருமியது.

குழி விழவில்லை.
குழந்தையைச் சாக்கில் சுற்றி
வைக்கோல் பரணில் வைத்தோம்.
பிறகு தோணிக்காரன் மாத்துரின்.
பிறகு பெயர் தெரியாத இருவர்,
சாலையில் உட்கார்ந்தபடியே.
கீழே நாங்கள் படுத்திருந்தோம்,
பசுவும் நானும் அவனும்,
ஒரே மூச்சைப் பங்கிட்டு.

பாதிரியார் பதிவேட்டோடு வந்தார்.
மை உறைந்துவிட்டதாம்.
புட்டியை என் அக்குளில் வைத்து இளக்கித் தந்தேன்,
ஒரு பெயருக்கு ஒரு தடவை.
துசேந்த் பெயரில் 'துசே' வரை வந்ததும்
மறுபடி உறைந்தது.
அந்த ஏட்டில் இன்றும்
அவள் பாதிதான் இறந்திருக்கிறாள்.

ஒயினைக் கோடரியால் பிளந்து
துண்டு போட்டு விற்றார்கள்.
இரவில் வால்நட் மரங்கள் வெடித்தன.
படை வந்துவிட்டதென்று எழுந்தோம்.
படை வரவில்லை,
படைக்கு ஆள் பிடிப்பவன்தான் வந்தான்.
ரொட்டி உண்டு என்றான்.
ஏழு பையன்கள் போனார்கள்.

மண் இளகியது.
ஒரே நாளில் பதினொரு குழி.
அப்புறம்தான் தெரிந்தது
கோதுமையும் பிணம் என்று:
பிடுங்கினால் வேர் கறுத்து நூலாய் வந்தது.
"உழாதே, துளிர்க்கும், பொறு" என்று
ஆணை வாசித்தான் நகரத்து ஆள்,
கையுறையைக் கழற்றாமல்.
குழிவெட்டிக்குத் தெரியாதா
எது எழும், எது எழாதென்று?

நிலவில் உழுதோம்,
பசுவை நுகத்தில் பூட்டி.
விதை பார்லிக்கு என் மோதிரம் போனது,
வெள்ளிதான்.
ராஜா தன் தங்கத் தட்டுகளை
உருக்கக் கொடுத்தாராம், சந்தையில் பேச்சு.
அதற்குப் பிறகு எதில் சாப்பிட்டார் என்று
யாரும் சொல்லவில்லை.
நாங்கள் பெரணி வேரை இடித்துத் தின்றோம்.

ஆகஸ்டில் பார்லி இடுப்பளவு நின்றது.
செப்டம்பரில் வடக்கே பெரும்போர்.
வெற்றியா தோல்வியா,
சொன்னவனுக்கே தெரியவில்லை.
ஏழு பேரில் ப்ளேஸ் மட்டும் திரும்பினான்,
ஒரு கால் குறைவாக.
ரொட்டி கொடுத்தேன். கறுப்பு;
உமி ஈறில் குத்தும்.
மென்றுகொண்டே கேட்டான்:
"துசேந்த் எங்கே?"

உர்பேன் தன் உள்ளங்கையைப் பார்த்தான்.
நான் இன்னொரு துண்டு அறுத்தேன்.