மணிக்கணக்கு

விண்ணப்பத்தில் மூன்று கட்டங்கள்:
பெரிய விலங்கு, சிறிய விலங்கு, ஆய்வுக்கூடம்.
கால்நடை மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய
மணிகளைச் சேர்த்துக் கையெழுத்து வாங்கவேண்டும்.
பெரியதில் எனக்கு இருநூற்றுப் பன்னிரண்டரை.
அந்த அரை,
ஒரு செம்மறிக் கடா என்னைச் சுவரோடு
சாத்தி வைத்திருந்த நேரம்.
விட்டுக்கொடுக்க மனமில்லை.

விஸ்கான்சினில் பிப்ரவரி.
மூக்குக்குள் ஈரம் முள்ளாய் உறைகிறது.
இங்கே மாட்டின் கழுத்தில் மணி கிடையாது;
காதில் மஞ்சள் வில்லை, நான்கு இலக்கம்.
நாலு மணிக்குப் பண்ணையில் கறவை,
எட்டு மணிக்குக் கரிம வேதியியல்.
எத்தனை சோப்பு போட்டாலும்
என்னைச் சுற்றி இரண்டு நாற்காலி காலியாகவே இருக்கும்.
மாய் சீ மட்டும் வந்து உட்காருவாள்.
அவள்மேல் பூனை மூத்திர வாடை.

பேராசிரியர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.
ஒரே அணுக்கள், ஒரே பிணைப்புகள்,
ஆனாலும் இடது வலதின்மேல் பொருந்தாது.
ஒன்று மருந்தாகலாம், மற்றது நஞ்சாகலாம்.
தேர்வில் எனக்கு அறுபத்தொன்று.
மாய் சீக்குத் தொண்ணூற்று நாலு.
இருவரும் ஒரே கல்லூரிக்குத்தான் எழுதுகிறோம்.
அதைப்பற்றி மட்டும் பேசிக்கொள்வதில்லை.

மூவாயிரத்து எண்பத்தொன்றுக்குத் தலையீற்று.
பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும்
இரண்டு குளம்புகள்தான் தெரிந்தன.
மருத்துவரின் வண்டி பனியில் எங்கோ நின்றுவிட்டது.
தொலைபேசியில் அவர் குரல் மட்டும் வந்தது,
அதுவும் விட்டு விட்டு.
என் கை முழங்கைக்கு மேல் போகவில்லை.
மாய் சீயை எழுப்பினேன்.
உறங்கும் உடையின்மேல் என் ரப்பர் அங்கியை மாட்டிக்கொண்டு
தோள்வரை உள்ளே விட்டாள், இடது கையை.
அவள் எல்லாவற்றுக்கும் இடது.

"முன்காலா, பின்காலா?" என்றது தொலைபேசி.
அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.
கிடாரி முக்கும்போதெல்லாம் எலும்புக்கிடையில் கை நசுங்க
மொங் மொழியில் யாரையோ வைதாள்.
"முதல் மூட்டு இப்படி மடியுது.
அடுத்ததும்...
இல்லை. எதிர்ப்பக்கம்."
அப்படியென்றால் பின்கால்.
தலை கடைசியில் வரும்; கொடி நசுங்கிவிடும்; நேரமில்லை.
சங்கிலி மாட்டினோம். இழுத்தோம்.
யார் எவ்வளவு இழுத்தோம் என்று எனக்குத் தெரியாது.

கன்று வழுக்கிக்கொண்டு விழுந்தது.
நாக்கு நீலம்.
மூக்கில் வைக்கோலை விட்டுக் குடைந்தேன்.
தும்மியது.
காளைக்கன்று. பால் பண்ணைக்கு வேண்டாதது.
அடுத்த வாரம் விற்றுவிடுவார்கள்.
அன்றைக்கு அது எங்களுக்குத் தோன்றவேயில்லை.

முறைப் பட்டியலில் என் பெயர்தான் இருந்தது.
பண்ணை மேலாளர் மூன்று மணி என்று கையெழுத்திட்டார்.
மாய் சீக்குச் சுழியம்.
அவள் பங்குக்கு
மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஊதாவாய்க் கன்றியது.
"பரவாயில்லை, ஹால்வர்சன்" என்றாள்,
"எனக்குத்தான் தொள்ளாயிரம் மணி இருக்கே."

இன்றிரவு கட்டுரை.
ஏன் இந்தப் படிப்பு? மூவாயிரம் எழுத்துகளுக்குள்.
"என் கை உள்ளே போனபோது" என்று தொடங்கினேன்.
நன்றாக வந்தது.
மூட்டு மடிந்ததுகூட அப்படியே வந்தது.
திரும்பப் படித்து
"என்" என்பதை மட்டும் அழித்தேன்.
கை உள்ளே போனபோது.
பொய் இல்லை.

மாய் சீ தன் கட்டுரையோடு வந்து நின்றாள்,
மாற்றிப் படித்துப் பிழை பார்க்க.
என்னுடையதைக் கொடுத்தேன்.
முதல் வரியிலேயே நின்றாள்.
வலது கையால் இடது தோளைத் தேய்த்தபடி
வெகுநேரம் படித்தாள்.
பிறகு பேனாவை எடுத்து
"கை"க்கு முன்னால்
ஒரு செருகல் குறி போட்டாள்.
அதன் மேலே எதையும் எழுதவில்லை.