முகவரிப்படி

வெள்ளிக்குள் அறிக்கை வேண்டுமாம் வலயத்துக்கு.
மஸ்கெலியாவில் மூன்று நாளாய் மழை.
கரண்ட் போகப் போக
மேசைக்கடியில் யூபிஎஸ் கத்துகிறது.

செலக்ட் போட்டு ஸ்டார் வைத்தால்
எல்லாரும் வந்து நிற்கிறார்கள்
காலைக் கூட்டம் மாதிரி, ஈரக் காலுறையோடு.
அடுத்தது வேர்.
எங்கே என்று அர்த்தம் என்பேன் வகுப்பில்;
பிள்ளைகளுக்கு அது தேயிலையின் வேர்.
வேர் வரவு எண்பதுக்குக் கீழே:
முப்பத்தொரு பேர் மிஞ்சினார்கள்.
ஆர்டர் பை வரவு.
கடைசி வாங்கில் இருப்பவள் முதலாவதாய் வந்தாள்.
டிலோஜினி, தரம் ஒன்பது, நாற்பத்தொன்பது வீதம்.

மாதவாரியாய்ப் பிரித்துப் பார்த்தேன்.
ஏப்ரலும் மேயும் பள்ளம்.
கொழுந்து பொங்கும் மாதங்கள்.
அம்மா முழுப்பேருக்கு மலையில் நிற்க
இவள் தம்பியை வைத்துக்கொண்டு காம்பராவில்.
அதற்கு நிரல் இல்லை என் அட்டவணையில்.
நானும் அவளுக்கு அரைப்பேர்தான் போட்டிருக்கிறேன்.

கடைசிக் கேள்வி: முகவரிப்படி மாணவர் தொகை.
குரூப் பை முகவரி.
பிழை என்று நினைத்தேன்.
அரைப்புள்ளியைத் தேடினேன், மறுபடி ஓட்டினேன்.
ஒரே வரி.
தோட்டத்தின் பெயர், தபாற்கந்தோர்,
பக்கத்தில் இருநூற்றுப் பதினான்கு.

டிலோஜினி வீட்டுக்கு எழுதிய கடிதம்
உறைக்குள் இருக்கிறது.
மேலே எழுத அந்த ஒரு வரிதான்.
எழுதினால்
தோட்டத்து ஆபீஸ் பெட்டியில் கிடக்கும்,
அல்லது இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் போகும்.

கணினியை அணைத்தேன். குடையை எடுத்தேன்.
எந்த லயம், எத்தனையாவது காம்பரா?
மேல்கணக்குப் படிக்கட்டில் கேட்டால்
கைகாட்ட ஒரு பிள்ளை இருக்கும்,
பள்ளிக்கு வராத பிள்ளை.