ஒன்றுக்கு ஒன்று

ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு கப் தண்ணீர்.
இதைவிட நேரான கணக்கு
இந்த வீட்டில் கிடையாது.
மின்கட்டணம் அப்படியில்லை.
டெய்ட்டன் குடியை விட்ட நாட்களும் அப்படியில்லை.
இருநூற்றுப் பதினொன்று என்கிறான் அவன்.
நான் இருநூற்று ஒன்பதுவரைதான் நம்புகிறேன்.

முதல் முறை பாகைக் கெடுத்தேன்.
கரண்டி கிடைத்தால் சும்மா இருக்கத் தெரியாத கை.
கிளறக் கிளற ஓரமெல்லாம் பூத்து,
ஆறியபின் பாத்திரத்தின் அடியில்
சுண்ணாம்பு பூசியதுபோல் இறுகிவிட்டது.
கிராம்பையும் எடுக்க மறந்திருந்தேன்.
சுரண்டி நக்கியதில் நாக்கு மரத்துப்போய்
தபால் நிலையத்தில் பாதி நாள்
ஸ்டாம்பு என்று சொல்ல வரவில்லை.

இரண்டாம் முறை,
சர்க்கரை கரைந்ததும்
கரண்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.
தீயைத் தணித்துவிட்டு
ஜன்னல் வழியே ஸ்பைட்ஸ்டவுன் கடலைப் பார்த்து நின்றேன்.
அதை யார் கிளறுகிறார்களோ,
அடங்குவதேயில்லை.

கிராம்பு பதினைந்து, எண்ணித்தான் போட்டேன்.
பட்டை ஒரு விரல் நீளம்.
தட்டிய இஞ்சி.
எலுமிச்சையின் பச்சைத் தோல் மட்டும்.
வெள்ளை ஒட்டினால் கசக்கும்.
விரலில் தொட்டுப் பிரித்தால்
பிசுக்கென்று ஒட்டி அறுந்துவிட வேண்டும்;
கம்பி நீண்டால் அது மிட்டாய்க்காரனுக்கு.

பார்படோஸில் இதில் ரம் ஊற்றுவார்கள்.
ஊற்றாததை ஃபலர்னம் என்று சொல்லாதே என்பாள்
நாத்தனார் மார்செல்.
பெயரில்லாமலே இருந்துவிட்டுப் போகட்டும்.
சர்க்கரையும் ரம்மும்
ஒரே கரும்பின் வயிற்றுப் பிள்ளைகள்.
(அந்தக் கரும்பை யார் வெட்டினார்கள், எப்படி வெட்டினார்கள்
என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.)
ஒன்றை அடுப்படியில் வைத்துக்கொண்டு
மற்றதை வாசலோடு அனுப்பினேன்,
அவ்வளவுதான்.

வாசனை அவனைத் தோட்டத்திலிருந்து இழுத்து வந்தது.
மண்வெட்டியோடு நிலைப்படியில் நின்றான்.
மூக்கு விடைத்திருந்தது.
அந்த முகம் எனக்குத் தெரியும்,
சம்பள நாட்களின் முகம்.
ஊற்றியிருக்கிறாயா என்று அவன் கேட்கவில்லை.
இல்லை என்று நானும் சொல்லவில்லை.
வடிகட்டியில் கிராம்புகள்
பிடுங்கிப் போட்ட ஆணிகளாய்க் கிடந்தன.
ஒரு கரண்டி மொண்டு முதலில் நான் குடித்தேன்.
உதடு சுட்டது.
அதே கரண்டியை அவனிடம் நீட்டினேன்.

மாலையில் வந்தார்கள்,
மார்செலும் அவள் வீட்டு ஐந்து பேரும்.
தம்ளர் தம்ளராய் ஐஸ், எலுமிச்சைச் சாறு, பாகு.
பெரியவர்களுக்கு மார்செல்
தன் பையிலிருந்த வெள்ளை ரம்மை ஊற்றினாள்.
பிள்ளைகளுக்கும் டெய்ட்டனுக்கும் சோடா.
எல்லாம் ஒரே நிறம்.
அவனுடையதில் அடையாளத்துக்கு
ஒரு கிராம்பை மிதக்கவிட்டிருந்தேன்.
மேசையில் வைத்ததை மறந்து
எல்லோரும் வானவேடிக்கை பார்க்கப் போய்வந்தோம்.
திரும்பினால்
கிராம்பு எதிலும் மிதக்கவில்லை.

ஒவ்வொரு தம்ளராய்
விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தான்.
முகர்ந்து பார்க்கலாமே என்றது ஒரு குழந்தை.
அவன் முகரவில்லை,
கையை நீட்டி, தலையைப் பின்னுக்கு இழுத்து
அடியை மட்டும் பார்த்தான்.
மார்செல் சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டாள்.
நான்காவதில் இருந்தது,
ஐஸுக்குக் கீழே,
குப்புற விழுந்து.

பிறகு பிரெட் புட்டிங் மேல்
பாட்டிலைச் சாய்த்தான் பார்,
புட்டிங் நீந்தியது.

மீதியை மூடிவைக்கும்போது கேட்டான்:
எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?
ஃப்ரிட்ஜில் என்றால் ஒரு மாதம்.
ஒரு மாதமா, என்றான்,
நிலவுக்குப் போய்வந்தவனைப் பற்றிக் கேட்டதுபோல.
பென்சிலால் சீட்டில் தேதி எழுதி ஒட்டினான்.
கீழே பொடியாக 211.
நான் திருத்தவில்லை.

காலையில் ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் பிசுபிசுப்பு,
எறும்பு வந்திருந்தது.
பாட்டிலில் மட்டம் ஒரு விரல் இறங்கியிருந்தது.
அவன் குறட்டை கேட்கிறதா என்று பார்த்துவிட்டு
மூடியைத் திறந்து முகர்ந்தேன்.
கிராம்பு.
இன்னொரு முறை முகர்ந்தேன்.
கிராம்புதான்.