பத்து பத்துக்கு

வீட்டுக்கு எட்டு ரூபாய் கூலி.
கையில் மூன்று அட்டை:
தூண்மேல் போகும் மெட்ரோ,
ஒற்றைத் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு மோனோ,
தார்ரோட்டில் தரையோடு தரையாக ட்ராம்.
வாரத்துக்கு ஒரு அட்டை, கேள்வி ஒன்றேதான்.
இதற்காக வீட்டு வரியோடு
மாதம் நாற்பது ரூபாய் கூடக் கட்டச் சம்மதமா?
எந்த அட்டை அதிகம் "சரி" வாங்குகிறதோ
அதுதான் பதினெட்டாம் தேதி ஓட்டுச்சீட்டில் ஏறும்.

மூன்றுக்கும் அதே நாற்பதுதான்.
அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தது.
யாரும் திருப்பவில்லை.

முதல் வாரம் மெட்ரோ.
ஹார்டுவேர் கடை சென்னியப்பன்
அட்டையைக் கல்லாவில் சாய்த்து வைத்துப் பார்த்தார்.
"கோயமுத்தூர்க்காரன் இனி நம்மூர
அண்ணாந்து பாக்கோணுமுங்"
என்று டிக் அடித்தார்.
அப்புறம் தூணை எண்ணினார்.
நாலாவது தூண்
அவர் ஷட்டருக்கு நேர் எதிரே.
ரப்பர் இருக்குதுங்களா என்றார்.
பேனாவில் அடித்தீர்கள் என்றேன்.

ட்ராம் எடுத்துப்போன வாரம்
வெயிலும் சரியில்லை, பதிலும் சரியில்லை.
"இதென்னுங், டவுன் பஸ்ஸுக்குத் தண்டவாளம் மாட்டியிருக்குது?"
"மேல போனாத்தானுங் ரயிலு.
கீழ போறதுக்கு எதுக்குங் காசு?"
மயிலாத்தாள் வீட்டில் மட்டும்
மோரும் கிடைத்தது, சரியும் கிடைத்தது.
அவருக்கு முழங்கால் வலி.
அந்தப் படத்தில் படிக்கட்டே இல்லை என்பதை
வார்டு முழுக்க அவர் ஒருத்தர்தான் பார்த்தார்.

மோனோவைப் பிள்ளைகள் விளையாடக் கேட்டார்கள்.
ஒன்றைக் கொடுத்துவிட்டுத்
தொலைந்ததாக எழுதினேன்.

நடுவில் அச்சகத்தில் நீல மை தீர்ந்து
மெட்ரோ அட்டையில் இருநூறு
வெளிறிய பச்சையாய் வந்தது.
அதே தூண், அதே பெட்டி, அதே நாற்பது.
பச்சை போன வீதிகளில்
மூன்றில் ஒருத்தர் பின்வாங்கினார்கள்.
சூப்பர்வைசர் அறிக்கையில் எழுதினார்:
பகுதிவாரி மாறுபாடு.

கடைசி நாள் வீரபாண்டி.
காம்பவுண்டுக்குள் ஒரே வரிசையில் ஒன்பது ரூம்,
ஒன்பதுக்கும் ஒரே வரி எண்.
வரி கட்டும் ஓனர் இருப்பது ஊத்துக்குளியில்.
தட்டிய கதவைத் திறந்தவர் துலா நாயக்,
பிளாட்லாக் டெய்லர்,
கம்பெனி பெருமாநல்லூர் ரோட்டில்,
ஓட்டு ஒடிசாவில்.
கேட்கத் தேவையில்லை, பட்டியலில் அவர் இல்லை.
ஆனாலும் தண்ணீர் கொடுத்தார்.
மூன்று அட்டையையும் வாங்கி
சீட்டு போடுவது மாதிரி பாயில் பரப்பினார்.
ரொம்ப நேரம் பார்த்தார்.

"அக்கா, ஷிப்மெண்ட் இருந்தா
பத்து மணிக்கு விடுவாங்க.
பத்து பத்துக்கு
இதுல எது வரும்?"

நான்தான் முதல்முறையாகத் திருப்பினேன்.
தூணின் உயரம் இருந்தது. பெட்டிக்கு எத்தனை பேர்,
மணிக்கு எத்தனை கிலோமீட்டர்,
எந்த நாட்டு மோட்டார், எல்லாம் இருந்தது.
மூன்றையும் திருப்பிப் பார்த்துவிட்டு
படிவத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்,
பத்து பத்து.

ஆபீஸில் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற தேன்மொழி
"இது எந்தக் கட்டத்துலங்க்கா?" என்றாள்.
நம்பரை ஏற்றுக்கொள்கிற கட்டம்
ஒன்றுதான் காலியாக இருந்தது.
புள்ளிக்குப் பின்னால் இருந்த பத்தை
அது தானாகவே விழுங்கிவிட்டது.

பதினெட்டாம் தேதி
தூண் ஜெயித்தது, நானூற்றுச் சொச்சத்தில்.
பணம் இருக்கும்வரை கட்டுவார்களாம்,
பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இருக்குமாம்.
சென்னியப்பன் கடைசியில் எதில் குத்தினார் என்று தெரியாது.
ஷட்டருக்குப் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில்,
வீரபாண்டி, பதில் அளித்தவர் வயது: பத்து.
சின்னப் பையனிடமெல்லாம் போய்க் கேட்பீர்களா என்று
சூப்பர்வைசர் என் கூலியில்
எட்டு ரூபாய் பிடித்துக்கொண்டார்.